இலைக்கு முன்னே பூ: ‘ஹிஸ்டெராந்தஸ்’ மரங்களை அடையாளம் காண்பது எப்படி

தாவரவியல் புத்தகங்களில் எப்போதாவது ஒரு முறை ‘ஹிஸ்டெராந்தஸ்’ என்ற சொல் கண்ணில் படும். இலைகளைப் பற்றிய சொல் அது. பூ வந்த பிறகு வருகிற இலைகளை இப்படிச் சொல்வார்கள். அப்படி இலைவிடும் மரத்தையும் செடியையும்கூட இதே சொல்லால் குறிப்பதுண்டு. விளக்கம் இவ்வளவுதான், மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு ‘இது ஹிஸ்டெராந்தஸ் தானா?’ என்று கேட்டால், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். என் மகள் அரசுக் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். இந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டு வந்தவள் அவள்தான். “அப்பா, இலை வர்றதுக்கு முன்னாடியே பூக்கிற மரம் நம்ம பக்கத்துல என்னென்ன இருக்கு, சொல்லுப்பா” என்று நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். தேனீ வளர்க்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். கொள்ளும் அவரையும் அறுத்து முடித்த பிறகு, கோடை மழை வருவதற்கு முன்னால், தை, மாசி, பங்குனியில் தேனீக்கு என்ன கிடைக்கும்? மாந்தோப்பு இருக்கிற ஊரில் மாம்பூ. எங்களைப் போல மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அதோடு காட்டில் இலையுதிர்த்து நிற்கும் மரங்கள். அந்த மரங்கள் பூக்கிற வரிசை தெரியாமல் பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியாது.

சொல் வந்த வழி

கிரேக்க மொழியில் ‘ஹிஸ்டெரோஸ்’ என்றால் பின்னால் வருவது, பிந்தி வருவது. ‘ஆந்தோஸ்’ என்றால் பூ. பூவுக்குப் பிந்தியது என்பது சொல்லின் நேர்ப்பொருள்.

இந்த இரண்டு துண்டுகளும் நமக்கு முன்பே பழக்கமானவைதான். ராயக்கோட்டைப் பக்கம் வயல் வயலாகப் போடுகிற சாமந்திக்குத் தாவரவியலில் கிரைசாந்திமம் என்று பெயர். தங்கப்பூ என்று பொருள். சூரியகாந்தி ஹீலியாந்தஸ். ஹீலியோஸ் என்றால் சூரியன். மேல்நிலை இயற்பியலில் ஹிஸ்டெரிசிஸ் என்று படித்திருப்பீர்கள். காந்தப் புலம் மாறினாலும் இரும்பின் காந்தத்தன்மை உடனே மாறாமல் பின்தங்கி வருமே, அது. அந்தப் ‘பின்தங்கல்’ இங்கேயும் இருக்கிறது. ஹிஸ்டீரியா என்ற சொல் மட்டும் வேறு. அது கருப்பையைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்று போல இருக்கிறது என்று இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.

சொல்லைப் பிரித்துப் பார்த்ததில் ஒரு பயன் உண்டு. இங்கே பூ ஒரு எல்லைக்கல். அதற்குப் பின்னால் வருவது இலை. அதாவது பிந்தி வருவது எது என்று கேட்டால் இலை என்றே பதில் வர வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் குழப்பத்தில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

என்ன குழப்பம்? இதற்கு உறவுச் சொற்கள் இரண்டு. ‘சினாந்தஸ்’ என்றால் இலையும் பூவும் ஒன்றாக வருவது. ‘சின்’ என்பதற்குக் கூட, சேர்ந்து என்று பொருள். அதில் சிக்கல் இல்லை. மற்றது ‘ப்ரோட்டெராந்தஸ்’. ‘ப்ரோட்டெரோஸ்’ என்றால் முந்தியது. முந்தியது எது? சில புத்தகங்கள் பூ இலையை முந்துகிறது என்று எடுத்துக்கொள்கின்றன. வேறு சில, இலை பூவை முந்துகிறது என்று எடுத்துக்கொள்கின்றன. முதல் வகைப் புத்தகத்தில் ப்ரோட்டெராந்தஸும் ஹிஸ்டெராந்தஸும் ஒரே பொருள். இரண்டாம் வகையில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒரே மரத்தைப் பற்றி இரண்டு புத்தகங்களில் படித்துவிட்டு ‘இவர் தப்பு, அவர் சரி’ என்று முடிவுகட்டும் முன், அந்தந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் சொல்விளக்கத்தைப் பாருங்கள். அது இல்லாத புத்தகம் என்றால், அந்தச் சொல் இலையை ஒட்டி வருகிறதா, பூவை ஒட்டி வருகிறதா என்று வாக்கியத்தில் பாருங்கள்.

நாமாக எழுதும்போது ப்ரோட்டெராந்தஸை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஹிஸ்டெராந்தஸில் அந்த இரட்டைப் பொருள் இல்லை.

இன்னொரு சொல்லும் உண்டு: ‘ப்ரிகோஷியஸ்’. வயதுக்கு மீறின பேச்சுப் பேசுகிற பிள்ளையைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்வார்களே, அதே சொல்தான். முன்கூட்டியே பழுத்தது என்பது லத்தீன் மூலப்பொருள். நம் ஊரில் பிஞ்சிலே பழுத்தது என்போம். தாவரவியலில் அது இலைக்கு முந்தி வந்துவிட்ட பூவைக் குறிக்கும். குளிர்நாட்டு வில்லோ மரங்களைப் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி வரும்.

பார்ப்பதற்கு முன்

முதலில் மரம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மாசியில் எல்லாமே பட்டுப்போன மரம் மாதிரிதான் தெரியும். சின்னக் கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. விறகுக்கு வெட்ட வருகிறவர்களிடம் நான் இதைச் செய்து காட்டுவது வழக்கம்.

அடுத்தது புல்லுருவி. இது பலரையும் ஏமாற்றும். ஒதியனிலும் மாவிலும் கிளைமேல் புல்லுருவி ஏறியிருக்கும். மரம் முழுக்க மொட்டையாக நிற்க, ஒரு கிளையில் மட்டும் தடித்த பச்சை இலை கொத்தாக இருந்தால், அது மரத்தின் இலையாக இருக்க வாய்ப்பு குறைவு. கிட்டப் போய், அந்த இலை எந்தக் குச்சியில் தொடங்குகிறது, அந்தக் குச்சி மரக்கிளையோடு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். புல்லுருவி என்றால் ஒட்டின இடம் முண்டு கட்டி வீங்கியிருக்கும். கொடி ஏதாவது மேலே படர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, காய்ந்த பழைய இலைகள். புரசு மரத்தில் உச்சிக்கிளைகள் பூத்துக் குலுங்கும்போது அடிக்கிளைகளில் போன வருடத்து இலை தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து ‘இலை இருக்கிறதே, அப்புறம் எப்படி ஹிஸ்டெராந்தஸ்?’ என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சொல் பேசுவது புது இலையைப் பற்றி. பழைய இலை இருந்தால் இருக்கட்டும். புதிய இலை எது, பழையது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். பழையது தூசு படிந்து, மொடமொடவென்று, பூச்சி தின்ற ஓட்டையோடு இருக்கும். புரசின் புது இலையைத் தொட்டால் மெல்லிய பட்டு ரோமம் கையில் தட்டுப்படும்.

காட்டுக்குள் போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதியும் இதில் சேர்த்தி. யானை நடமாடும் காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது, போகவும் வேண்டாம். இந்த வேலைக்குச் சாலையோர மரமே போதும். அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகும் சாலையோரத்தில் வேண்டிய மரங்கள் இருக்கின்றன.

எப்படிப் பார்ப்பது

பூத்த மரத்தை ஒரு நாள் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்து ‘ஹிஸ்டெராந்தஸ்’ என்று எழுதிவிட முடியாது. இந்தச் சொல் வடிவத்தைச் சொல்வதில்லை, வரிசையைச் சொல்கிறது. இலை இதய வடிவமா, கூட்டிலையா என்பதை ஒரே பார்வையில் சொல்லலாம். முன்பின் என்பதை ஒரே பார்வையில் சொல்ல முடியாது. அதனால் ஒரு மரம், அதில் கைக்கு எட்டுகிற அல்லது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஒரு கிளை என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பழைய சேலையிலிருந்து கிழித்த துணிநாடா ஒன்றை இளக்கமாகக் கட்டி அடையாளம் வையுங்கள். கம்பி வேண்டாம், கிளை பருக்கும்போது வெட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு முறை அதே கிளையைப் பாருங்கள். பூக்கத் தொடங்கிவிட்டால் வாரத்தில் இரண்டு முறை பார்ப்பது நல்லது. தளிர் விடுவது சில நாட்களில் நடந்து முடிந்துவிடும்.

என்ன குறித்துக்கொள்வது? இதற்கு நம் மொழியிலேயே நல்ல அளவுகோல் இருக்கிறது. இலைக்குத் துளிர், தளிர், இலை, பழுப்பு, சருகு. பூவுக்கு அரும்பு, மொட்டு, மலர், வீ. உதிர்ந்த பூவுக்கு வீ என்று பெயர். மகளின் நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் இலைக்கும் வலப்பக்கம் பூவுக்கும் விட்டோம். ஒவ்வொரு முறையும் தேதி போட்டு, இரண்டு பக்கத்திலும் அன்றைக்கு எந்த நிலை என்று ஓரிரு சொல்லில் எழுத வேண்டும். உதாரணமாக, இடப்பக்கம் ‘சருகு, பாதி உதிர்ந்தது’, வலப்பக்கம் ‘அரும்பு’. அடுத்த வாரம் ‘இலை இல்லை’, ‘மொட்டு’. இப்படியே போகும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அரும்பும் துளிரும் தொடக்கத்தில் ஒன்று போலவே இருக்கும். இலை விழுந்த இடத்தில் ஒரு தழும்பு தெரியும். அதற்குச் சற்று மேலே புடைத்துக்கொண்டு வருவது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பொதுவாகப் பூமொட்டு உருண்டு தடித்து வரும். இலைமொட்டு ஒல்லியாகக் கூராக இருக்கும். இது எல்லா மரத்துக்கும் பொருந்தாது. சந்தேகமாக இருந்தால் ‘மொக்கு, எது என்று தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வாரம் வந்து பாருங்கள். ஊகித்து எழுதினால் பின்னால் வரிசையே மாறிப்போகும்.

பக்கம் நிரம்பிய பிறகு முடிவு எடுப்பது எளிது. வலப்பக்கத்தில் முதல் ‘மலர்’ எழுதிய நாளைக் கண்டுபிடியுங்கள். அன்றைக்கு இடப்பக்கத்தில் என்ன இருக்கிறது? இலை இல்லை என்று இருந்து, பூத்து ஓய்கிற சமயத்திலோ அதற்குப் பிறகோதான் தளிர் இலையாகிறது என்றால், தயங்காமல் ஹிஸ்டெராந்தஸ் என்று எழுதலாம். தளிரும் மலரும் ஒரே வாரத்தில் வந்திருந்தால் சினாந்தஸ். இலை முற்றி நின்ற பிறகு மலர் என்றால் இரண்டும் இல்லை.

ஒரே மரத்தோடு நிறுத்த வேண்டாம். அதே வகையில் இன்னும் சில மரங்களையும் பாருங்கள். கிணற்றடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ நிற்கும் மரம் முழுதாக இலை உதிர்க்காமலே பூத்துவிடும். அதே வகை மரம் மேட்டுக்காட்டில் சுத்த மொட்டையாக நின்று பூக்கும். ஆட்டுக்குத் தழை ஒடித்த மரம் என்றால் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒடித்த இடத்தில் பருவம் தப்பித் துளிர்க்கும்.

எங்கள் பக்கத்து மரங்கள்

புரசில் தொடங்குவதுதான் நல்லது. பலாசு என்றாலும் அதுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கன்னடம் பேசுகிறவர்கள் முத்துக என்பார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் மோதுக என்பார்கள். நோட்டில் எல்லாப் பெயரையும் எழுதி வையுங்கள். விசாரிக்கும்போது உதவும். தாவரவியல் பெயர் பியூட்டியா மோனோஸ்பெர்மா. காய்க்குள் ஒற்றை விதைதான் இருக்கும் என்பதால் மோனோஸ்பெர்மா. மூன்று மூன்றாக விரியும் பெரிய இலை, தைத்துச் சாப்பாட்டு இலையாகப் பயன்படுத்துவார்கள். மாசி, பங்குனியில் கிளி மூக்கு மாதிரி வளைந்த ஆரஞ்சு மொட்டுகள் வரும். மொட்டின் அடியில் இருக்கும் புல்லிவட்டம் கரும்பழுப்பு வெல்வெட்டாக இருக்கும். பூ கொட்டித் தரையெல்லாம் நிறைந்த பிறகுதான் இலை விரியத் தொடங்கும். தேன்சிட்டும் மைனாவும் கரிச்சானும் கிளியும் விடியற்காலையில் இந்த மரத்தில் போடுகிற சத்தம் ரொம்ப தூரம் கேட்கும். பறவைகளை நம்பிப் பூக்கும் மரம் இது. தேனீயும் வரும், ஆனால் இந்த ஒரு மரத்தை நம்பிப் பெட்டி வைக்க மாட்டேன்.

முள்ளிலவு அடுத்தது. பாம்பாக்ஸ் சைபா. அடிமரத்தில் கூம்பு கூம்பாக முள். புரசுக்கு முன்பே, தையிலேயே தொடங்கிவிடும். கனத்த சிவப்பு இதழ் ஐந்து, நடுவே கற்றையாக மகரந்தக் கேசரங்கள். விழும்போது தொப்பென்று சத்தம் கேட்கும். தேனீக்கு இதில் மகரந்தம் நிறையக் கிடைக்கும். புழுக்களுக்கு ஊட்ட மகரந்தம் இல்லாமல் கூட்டம் பெருகாது என்பதால் தை மாதத்தில் எனக்கு இந்த மரம் முக்கியம். பூவெல்லாம் போய்க் காய் வைத்த பிறகுதான் ஐந்து விரல் விரித்த மாதிரி இலை வரும். சித்திரை வாக்கில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். இலவு காத்த கிளி என்று சொல்வது இந்தக் காயைப் பார்த்துத்தான். தலையணைக்குப் பஞ்சு எடுக்கிற இலவ மரம் வேறு. அதன் பூ சிறியது, வெளிறினது. அதுவும் இலையில்லாத கிளையில்தான் பூக்கும்.

ஒதியனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஒதி பெருத்தால் உத்தரத்துக்கு ஆகுமா என்று பழமொழி சொல்லி ஒதுக்கிவிட்ட மரம். கிளையை வெட்டி வேலியில் நட்டால் முளைத்துக்கொள்ளும். மாசி, பங்குனியில் சுத்தமாக மொட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் பூத்திருப்பதே தெரியாது. கிட்டப் போனால் தடித்த கிளைநுனிகளிலிருந்து சரம் சரமாக, பச்சையும் மஞ்சளும் கலந்த பொடிப் பூக்கள் தொங்கும். பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆடு மேய்க்கிற ஒரு அம்மா என்னிடம் இப்படிச் சொன்னார்: “தம்பி, அந்த மரத்துகிட்டப் போய்க் காதைக் கொடுத்து நில்லு. பூ இருக்கா இல்லையான்னு ஈ சத்தம் சொல்லும்.” நாங்கள் இப்போது அப்படித்தான் பார்க்கிறோம். ரீங்காரம் கேட்டால் பூத்துவிட்டது என்று அர்த்தம். இறகு மாதிரிக் கூட்டிலை பிறகு வரும். ஹிஸ்டெராந்தஸ் என்பதற்கு எங்கள் பக்கத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. சிவப்பாகப் பெரிதாகப் பூத்தால்தான் இந்தச் சொல் பொருந்தும் என்ற எண்ணத்தையும் இது போக்கிவிடும்.

பாறைச் சரிவுகளில் கோங்கு என்று பலரும் சொல்கிற காட்டுப்பருத்தி இருக்கிறது. காக்லோஸ்பெர்மம். வளைந்து நெளிந்த மொட்டைக் கிளைநுனியில் உள்ளங்கை அகல மஞ்சள் பூ. இதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதையும் கருவண்டு போலப் பெரிய தச்சுத்தேனீக்கள் வந்து உடம்பை அதிரவைத்து உதிர்த்து எடுக்கும். முள்முருங்கையும், வேலிக்கு நடுகிற கிளைரிசிடியாவும் இந்தப் பட்டியலில் சேரும். ஓசூரில் சாலையோரம் ஊதாவாகப் பூக்கிற ஜகரண்டா தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அதுவும் பெரும்பாலும் பூத்த பிறகே இலை நிறையும்.

எல்லைக்கோட்டில் நிற்கிற மரங்களும் உண்டு. மாவிலங்கத்தில் சில மரம் மொட்டையாகப் பூக்கும், சில மரத்தில் பூவும் தளிரும் ஒன்றாக வரும். சரக்கொன்றையும் அப்படித்தான். புங்கன் இலையை உதிர்த்த சூட்டோடு தளிர்விட்டுவிடும், பூவும் ஏறக்குறையக் கூடவே வரும். அதைச் சினாந்தஸ் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மரங்களுக்கு ஒரே சொல்லை ஒட்டிவிட அவசரப்படாமல், ‘இந்த மரத்தில், இந்த ஆண்டில்’ என்று சேர்த்து எழுதுவதே நேர்மை.

இலையுதிர்க்கிற மரமெல்லாம் ஹிஸ்டெராந்தஸ் ஆகாது என்பதற்குத் தேக்கைப் பாருங்கள். கோடை முழுக்க மொட்டையாக நிற்கும், ஆனால் பூப்பது மழைக்காலத்தில், முறம் மாதிரி இலை விரிந்த பிறகு. ஒகேனக்கல் மலைப்பாதையில் நிறைந்திருக்கிற ஆச்சாவும் தளிர்த்து இலையாகி, பிறகே பூக்கிறது. வேம்பு மாசி பங்குனியில் செந்தளிர் விட்டு, அதன் பின்னால் பூக்கும். யுகாதிப் பச்சடிக்கு வேப்பம்பூ பறிக்கும்போது கிளையில் புது இலை பளபளவென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாமரம் மொத்தமாக இலை கொட்டி மொட்டையாவதே இல்லை, அதனால் அந்தக் கேள்வியே எழாது.

மண்ணுக்குள் இருந்து வருபவை

கிழங்கு, பூண்டு வகைச் செடிகளை ஆராய்கிறவர்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பாவின் கோல்கிகம் அதற்குப் பழைய உதாரணம். அது இலையே இல்லாமல் இலையுதிர் காலத்தில் தரையிலிருந்து நேராகப் பூக்கும். இலை அடுத்த வசந்தத்தில்தான் வரும். நடுவே மாதக்கணக்கில் இடைவெளி. நம் செங்காந்தள் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது இலையோடு கொடியாக ஏறிப் பூக்கிறது. குடும்பம் ஒன்று என்பதால் பழக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் வீட்டிலேயே உதாரணம் வேண்டும் என்றால் சேனைக்கிழங்கு. வருடா வருடம் தோண்டி எடுத்துவிடுவதால் அதன் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. பின்கட்டில் தோண்டாமல் விட்ட பெரிய கிழங்கு இருந்தால், சித்திரை வைகாசியில் கோடை மழை விழுந்ததும் கருஞ்சிவப்பாக, பெரிய பூங்கொத்து ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு வரும். செத்த எலி நாற்றம் அடிக்கும். வண்டுகளை வரவழைக்கத்தான் அந்த நாற்றம். சில நாளில் அது சாய்ந்துவிடும். பிறகுதான் குடை மாதிரி ஒற்றை இலை எழும்பும். நாற்றத்துக்குப் பயந்து பிடுங்கி எறிந்துவிடாமல் விட்டுவைத்தால், பூவுக்குப் பின் இலை என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்டலாம்.

கரட்டுப் பக்கம் நரிவெங்காயம் இருக்கிறது. மழைக்கு முன்னால் இலையில்லாத ஒற்றைத் தண்டு நீட்டிப் பூத்துவிட்டு, பிறகு இலை விடும். கிழங்கில் விஷம் உண்டு, கையில் எடுத்துப் பார்த்தால் கழுவிக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படிச் செய்கின்றன

இலை இருக்கும் வரை மரம் அதன் வழியாகத் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். இலையைக் கொட்டிவிட்டால் அந்தச் செலவு நின்றுவிடும். அடிமரமும் கிளையும் மெல்ல மெல்லத் தண்ணீர் ஏற்றிக்கொள்ளும். மழையே இல்லாமல் மொட்டு உப்புவதற்கு அந்தத் தண்ணீர் உதவுகிறது. பூவை மறைக்க இலை இல்லாததால் பறவைக்கும் தேனீக்கும் தூரத்திலிருந்தே தெரியும். காய் முற்றி வெடிக்கும்போது காற்று காய்ந்திருக்கும், பஞ்சும் விதையும் நன்றாகப் பறக்கும். விழுந்த கொஞ்ச நாளில் மழை வரும், விதை முளைக்கும். குளிர்நாடுகளில் ஹேசல், ஆல்டர் போன்ற மரங்கள் இலைக்கு முன் பூப்பதற்கு வேறு பயன் உண்டு. அவற்றின் மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகிறது, இலை இருந்தால் தடுக்கும்.

ஒதியனும் இலவும் பூக்கிற அந்த மாதங்களில்தான் ‘காய்ந்த மரம்’ என்று சொல்லி வேலி மரங்களை வெட்டுகிறார்கள். தேனீக்கு வேறு எதுவும் அதிகம் இல்லாத காலம் அது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பூ முடிந்து காய் பிடிக்கும் வரைக்கும் பொறுத்திருங்கள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன்.

எழுதும்போது

மாதிரி ஒன்றை மகளின் நோட்டிலிருந்து தருகிறேன்: ‘ஒதியன். லானியா கோரமாண்டலிகா. அஞ்செட்டி சாலையோரம், மேட்டுநிலம், தண்ணீர் பாயாத இடம். பூக்கும்போது புது இலை இல்லை. பூச்சரம் உதிர்ந்த பின் தளிர். இலைகள் ஹிஸ்டெராந்தஸ்.’ சொல் கடைசியில் வருகிறது பாருங்கள். அதற்கு முன் உள்ள மூன்று வாக்கியமும் பார்த்தது, கடைசிச் சொல் முடிவு. சொல்லை மட்டும் எழுதிவிட்டால், பின்னால் ஒருவர் சரிபார்க்க வழியில்லை. ‘ஹிஸ்டெராந்தஸ் பூ’ என்று எழுதக் கூடாது. இலைக்கோ செடிக்கோதான் அந்தச் சொல்.

மரங்களின் இலை, பூ, காயை வாராவாரம் பார்த்துப் பதிவு செய்கிற ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் திட்டம் இந்தியாவில் நடக்கிறது. பள்ளி மாணவர்களும் அதில் சேரலாம். உங்கள் நோட்டில் இருப்பதை அங்கேயும் போடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பொங்கல் முடிந்த கையோடு ஒரு முள்ளிலவையும் ஒரு ஒதியனையும் தேர்ந்தெடுத்து நாடா கட்டிவிடுங்கள். புரசுக்கு மாசி வரைக்கும் நேரம் இருக்கிறது.